கணக்கில் வராத நாலடி

கட்டடக்கலை மாணவர் சொல்லும் முதல் பொய் பெரும்பாலும் மில்லிமீட்டரில்தான் இருக்கும். ஸ்டுடியோ வகுப்பு நடத்தப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இதைச் சீக்கிரமே பார்ப்பீர்கள். ஒரு பழைய வீட்டை அளந்து வரையச் சொல்வீர்கள். அறைகளின் அகலத்தையும் சுவர்களின் கனத்தையும் கூட்டினால் வெளிப்புற அளவு வர வேண்டும். வராது. டேப் தொய்ந்திருக்கும், சுவர் சாய்ந்திருக்கும், பிடித்தவர் கை நடுங்கியிருக்கும். மறுபடி போய் அளப்பதற்குப் பதில், மிச்சம் வரும் அளவைச் சுவர்களுக்குப் பங்கிட்டுவிடுவார்கள். வரைபடத்தில் சுவரைக் கறுப்பாக நிரப்பித்தானே காட்டுகிறோம், அந்தக் கறுப்புக்குள் எதை வேண்டுமானாலும் போட்டு மூடலாம். பிள்ளைகள் இதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள்: 'செவுத்துக்குக் குடுக்கறது'.

ஒருமுறை சுவருக்குக் கொடுத்தது நாலடி. நான் ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்தது. எதையும் காலத்தோடு சேர்த்துச் சொல்லியே எனக்குப் பழக்கம், ஊர் வரலாறு தேடிப் படிக்கிறவளின் வியாதி அது. அத்திவரதர் குளத்துக்குள் திரும்பிப்போன பிறகு நோய்க்காலம் வந்து ஓய்ந்து, கல்லூரி முழுதாகத் திறந்த முதல் மழைக்காலம். ஐப்பசி தொடங்கிக் கார்த்திகையில் முடிந்தது. இன்னொன்றையும் முன்பே சொல்லிவிடுகிறேன், எல்லாம் பட்டப்பகலில் நடந்தவை.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒட்டி ஒட்டி நிற்கும் இரண்டு வீடுகளை மூன்றாம் ஆண்டுக் குழு ஒன்றுக்குக் கொடுத்திருந்தேன். தெருவில் குறுகி, கொல்லை வரை நீண்டு போகும் வீடுகள். முன்னொரு காலத்தில் அண்ணன் தம்பிகளுடையவை. ஒன்றில் கன்னியப்பன் என்ற நெசவாளர் மனைவி வசந்தாவோடு இருந்தார். கூடத்தில் ஒரே ஒரு குழித்தறி, பக்கத்து வீட்டை ஒட்டிய சுவரோரமாக. மகன் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போய்வந்தான். மற்ற வீட்டுக்காரர்கள் பெங்களூர் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அந்த வீடு பூட்டியே கிடந்தது, சாவி மட்டும் வசந்தாவிடம் இருந்தது.

குழுவில் ஐந்து பேர். இருவரைத் தெரிந்துகொண்டால் போதும். ஹரீஷ் கணினியில் மின்னல் வேகத்தில் வரைவான், எல்லாரிடமும் உடனே சிநேகமாகிவிடுவான். தேன்மொழி பெரிய காஞ்சிபுரத்துத் தறிக்கார வீட்டுப் பெண், அதிகம் பேசமாட்டாள். அவள் படித்தது உதவித்தொகையில். ஒரு தாளில் தோற்றாலும் தொகை நிற்கும், தொகை நின்றால் படிப்பும் நிற்கும். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதல் நாள் டேப்பும் பலகையுமாக அவர்கள் போய் நின்றதும் வசந்தா, "அஞ்சு வருசம் படிக்கறது இந்த டேப்ப புடிக்கவா? எங்க மேஸ்திரி படிக்காமயே புடிக்கிறாரேப்பா" என்றார்.

"அவர் புடிக்கிறத நாங்க வரைவோம் ஆன்ட்டி" என்றான் ஹரீஷ்.

"வரைஞ்சு? வாஸ்து சொல்லுவீங்களா?"

"அதுக்குத் தனி ஃபீஸ்."

சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. மத்தியானம் கன்னியப்பன் தறியை நிறுத்திவிட்டுச் சாப்பிட எழுந்தார். குழியிலிருந்து காலை எடுத்து மேலே வைத்த நேரத்தில் சுவருக்குள்ளிருந்து ஓர் அடி கேட்டது. மரம் மரத்தில் விழும் அடி. தறியில் தொங்கும் பலகையை இழுத்து இழையைச் சேர்க்கும்போது கேட்குமே, அதே அடி. ஒன்றுதான், அப்புறம் இல்லை.

"பக்கத்து வீட்டுலயும் தறியா?" என்றான் ஹரீஷ்.

"அந்த வீடு பூட்டிக் கெடக்குதேப்பா."

"அப்ப எக்கோ."

தேன்மொழி டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "எக்கோன்னா ஒவ்வொரு அடிக்கும் வரணும். இது அவரு நிறுத்தினா மட்டுந்தான் வருது" என்றாள். காலையில் அவர் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோதே அவள் கவனித்திருக்கிறாள்.

வசந்தா சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். "அது அப்படித்தாம்மா. நான் கண்ணாலமாகி வந்தப்பவே அடிச்சுது. கடைசி அடி நம்புளுது இல்லன்னு எங்க மாமியார் சொல்லும். நீங்க சாப்புடுங்க, கொழம்பு ஆறுது பாரு."

ஒரு வீட்டில் கீல் கிரீச்சிடுவதுபோல, இவர்களுக்கு இது பழகியிருந்தது. மறுநாள் குழு என்னிடம் வந்து சொன்னபோது, அளக்கும் வேலையைப் பாருங்கள் என்றேன்.

அளந்தார்கள். இரண்டு வீடுகளின் முகப்பையும் சேர்த்துத் தெருவில் அளந்தார்கள். சாவி வாங்கிப் பூட்டிய வீட்டையும் திறந்து உள்ளே அளந்தார்கள். கூட்டினால் நாலடி குறைந்தது. திரும்ப அளந்தார்கள். அன்றும் நாலடி. மழை விட்ட ஒரு காலையில் நானே போய் டேப்பின் மறுமுனையைப் பிடித்தேன். நாலடி. நடுச்சுவரைக் கன்னியப்பன் பக்கம் தட்டினால் செங்கல் சத்தம். பூட்டிய வீட்டின் பக்கம் முழுக்க ஒரே சீரான சுண்ணாம்புப் பூச்சு, எங்கும் வாசல் இருந்த தடம் இல்லை. ஆனால் இரண்டு பக்கச் சுவர்களுக்கும் இடையில், கூடத்தின் நீளத்துக்கு, ஒரு ஆள் நடமாடும் அளவுக்கு இடம் இருந்தது.

பாகம் பிரிக்கும்போது நடைவழிகளை இரு முனையிலும் அடைத்துவிடுவது உண்டு. அதைச் சொன்னேன். கன்னியப்பன் தலையாட்டினார். "இருக்கும் மா. எங்கப்பா அதப்பத்திப் பேசமாட்டாரு. கேட்டா எழுந்து வெளில போயிடுவாரு."

ஓட்டுக்கூரையில் இரண்டு வீடும் சேரும் இடத்தில் ஓடு ஒன்று நகர்ந்திருந்தது. ஹரீஷ் ஏணி வைத்து ஏறினான். வசந்தா கொடுத்த கழிவுப் பட்டுநூலைத் திரித்து, விளக்கை எரியவிட்ட தன் ஃபோனை அதில் கட்டி, வீடியோ ஓடவிட்டு உள்ளே இறக்கினான். மேலே இழுத்தபின் கூடத்தில் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம்.

ஃபோன் சுழன்றுகொண்டே இறங்கியதால் படம் ஆடியது. தூசு, ஒட்டடை, தெருப்பக்கம் செங்கல் அடைப்பு, கொல்லைப்பக்கமும் செங்கல் அடைப்பு. பிறகு பூட்டிய வீட்டுப் பக்கத்துச் சுவரில் ஒரு கதவு. ஒற்றைக் கதவு, பழைய வேலைப்பாடு. அந்த வீட்டுக்குள் சுண்ணாம்பு பூசி மறைத்திருந்தது இதைத்தான். கதவில் இரும்புத் தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஃபோன் மீண்டும் சுழன்று மீண்டும் அதைக் காட்டியது.

தேன்மொழி வீடியோவை நிறுத்தினாள். "தாப்பா இந்தப் பக்கம் இருக்குது மேம்."

"அதனால?" என்றான் ஹரீஷ்.

"உள்ள நின்னுக்கினு போட்டிருக்காங்க. ரெண்டு முனையும் அடைச்சிருக்குது. அப்ப போட்டவங்க எப்படி வெளில வந்தாங்க?"

வசந்தா, நூலைச் சுற்றிக்கொண்டே, "வந்தாங்கன்னு யாரு சொன்னா?" என்றார்.

கேலிக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால் சொல்லிவிட்டு அவரே அடுப்படிக்குள் போய்விட்டார். ஃபோன் தரை வரை இறங்கவில்லை, கீழே என்ன இருக்கிறது என்று படத்தில் தெரியவில்லை. சுவரில் ஓட்டை போட்டுப் பார்க்கலாமா என்று மாணவர்கள் கேட்டார்கள். வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். அளப்பவர்களுக்கு உடைக்கும் உரிமை கிடையாது என்று நானும் சொல்லிவிட்டேன்.

வரைய உட்கார்ந்தபோது சண்டை வந்தது. அந்த நாலடியை எப்படிக் காட்டுவது? ஹரீஷும் மற்ற மூவரும் சுவருக்குக் கொடுத்துவிடலாம் என்றார்கள். வெள்ளையாக விட்டால் தேர்வாளர் அதைப் பிடித்துக்கொள்வார், பேய்க்கதையா சொல்ல முடியும்? தேன்மொழி ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் குழுவின் படத்தில் நடுச்சுவர் நாலடிக் கனத்தில் கன்னங்கரேலென்று வந்தது. அவள் தனியாக இன்னொரு ஷீட் வரைந்தாள். அதில் இரண்டு மெல்லிய சுவர்கள், நடுவில் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை, 'உள்ளே சென்று பார்க்கவில்லை' என்று ஒரு குறிப்பு. வீடியோவில் பார்த்த கதவைக்கூட அவள் வரையவில்லை. அளக்காததை வரைய மாட்டேன் என்றாள்.

எனக்குத் திருமுக்கூடல் கோயில் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. பாடசாலை, விடுதி, மருத்துவமனை என்று எவ்வளவோ விவரம் சொல்லும் கல்வெட்டு. இப்படிப்பட்ட கல்வெட்டுகளைப் படியெடுக்கிறவர்கள் கல் சிதைந்த இடத்தில் புள்ளி வைப்பார்கள். அங்கே என்ன சொல் இருந்திருக்கும் என்று நன்றாகத் தெரிந்தாலும் புள்ளிதான் வைப்பார்கள். இரண்டு ஷீட்டையும் மாட்டுங்கள், ஜூரியில், வெளித்தேர்வாளர் முன்னால் படங்களை விளக்கும் நாளில், பேசிக்கொள்ளலாம் என்றேன்.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஹரீஷ் தன் கறுப்புப் படத்தை நட்பாகக் கன்னியப்பனின் மகனுக்கு வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தான். வீடியோ எடுத்த அன்று அந்த மகன் வேலைக்குப் போயிருந்தான், உள்ளே வெற்றிடம் இருப்பதை வீட்டில் யாரும் அவனிடம் பேசவும் இல்லை.

ஜூரி நாள் கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரம். வெளித்தேர்வாளர் சென்னையிலிருந்து வந்திருந்தார், கண்டிப்பானவர் என்று பெயரெடுத்தவர். பெயர் கூப்பிட்டபோது தேன்மொழி இல்லை. வகுப்பின் கடைசியில் ஹரீஷ் ஃபோனையே பார்த்துக்கொண்டு நின்றான். அருகில் போனதும் அதை என்னிடம் நீட்டினான். காலையில் அந்த மகன் அனுப்பிய படம். நடுச்சுவரின் உச்சியில், தறிக்கு நேர்மேலே, மேஸ்திரி உளி வைத்துக் குழி வெட்டிக்கொண்டிருக்கிறார். கீழே செய்தி: 'உங்க பிளான் செம ப்ரோ. நாலடி செவுரு, யானையே நிக்கலாம்னு மேஸ்திரி சொல்றாரு. மாடி எடுக்கறோம்.'

"காலேஜ் கேட்டுலயே என் ஃபோன்ல இதப் பாத்துட்டா மேம். பாத்ததும் ஆட்டோ புடிச்சுப் போயிட்டா."

ஐப்பசி முழுக்க நனைந்த, மண் சாந்து வைத்த, ஒரு செங்கல் கனச் சுவர் அது. பின்னால் வெற்றிடம். அதன்மேல் கான்கிரீட் உத்தரம் ஏற்றப் போகிறார்கள்.

அவளை அழைத்தேன். எடுத்தவுடன், "மேம், நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு மேஸ்திரி. காலேஜ் பிளான்ல இருக்குது, நீ என்னா புதுசா சொல்றன்றாரு" என்றாள். பின்னால் உளிச் சத்தமும் அதற்கடியில் தறிச் சத்தமும் சேர்ந்து கேட்டன.

"கன்னியப்பன் தறியிலயா இருக்காரு?"

"ஆமாம் மேம். கண்ணாலப் பொடவ. முந்தான மட்டும் பாக்கி, எழுந்துக்க மாட்டேன்றாரு."

இந்த மாதிரி நேரத்தில் என்ன சொல்வது என்று எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. திரும்பி வா, உன் பெயர் கூப்பிட்டாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவள் படிப்பு முழுக்க அந்த அறையில்தான் இருந்தது. நான் சொன்னது இது: "மேஸ்திரியோட வாதாடாத. அதுக்கு நேரமில்ல. கீழ இருக்கறவங்கள வெளில கூட்டிட்டு வா. ஃபோன கட் பண்ணாத."

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். தேர்வாளர் என்னவென்று கேட்டார், சுருக்கமாகச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அறை முழுக்க மாணவர்கள். எல்லாரும் அந்தத் தறியைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"பெரியப்பா, கொஞ்சம் எழுந்து வாங்களேன். தண்ணி வேணும்."

"அவகிட்ட கேளும்மா, குடுப்பா."

"பெரியப்பா, செவுரு நல்லால்ல பெரியப்பா."

"உள்ள காலியா இருந்தா என்னா, எங்க தாத்தா கட்டுனது அது. நீ போய்ப் பரீட்ச எழுது, போ."

அடி, அடி, அடி. ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. பிறகு அந்தச் சீருக்கு நடுவே இன்னோர் அடி விழுந்தது. அவருடைய இரண்டு அடிகளுக்கு இடையில், தெளிவாக. மரத்தில் மரம்.

தறி நின்றது. உளியும் நின்றது.

கன்னியப்பனின் குரல் மிகத் தாழ்வாகக் கேட்டது. "நான் இன்னும் நிறுத்தலியே."

அதன் பிறகு கால்களின் சத்தம், "வசந்தா, வெளில வா, வெளில வா" என்ற கத்தல், ஏணி விழும் சத்தம். அப்புறம் லாரியில் ஜல்லி கொட்டுவது போன்ற ஒரு நீண்ட ஓசை. இணைப்பு அறுந்துபோனது.

அவள் மறுபடி அழைக்கும் வரை அந்த அறையில் யாரும் உட்காரவில்லை. யாருக்கும் அடி இல்லை மேம் என்றாள். தறிக்குழி முழுக்கச் செங்கல் நிரம்பிவிட்டது, புடவை போய்விட்டது, மேஸ்திரி தெருவில் உட்கார்ந்து அழுகிறார் என்றாள். பிறகு, "உள்ள தெரியுது மேம்" என்றாள்.

மறுநாள் நான் போய்ப் பார்த்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுவரின் மேற்பாதி விழுந்து அந்த இடம் திறந்து கிடந்தது. இடிபாட்டை அள்ளிய பின் தரையில் ஒன்றுமே இல்லை, மண்தான். எலும்போ பானையோ தறியோ கிடையாது. உளி பட்டு உள்பக்கம் விழுந்த செங்கல்தான் அந்த அடியாகக் கேட்டது என்று மேஸ்திரி சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்த இடைவெளியில் நின்றபோது ஒரு வாசனை அடித்தது. பாவு இழைக்குப் போடும் புதுக் கஞ்சியின் வாசனை, இன்று காலை வடித்ததுபோல. இரண்டு மூன்று தலைமுறையாக அடைத்துக் கிடந்த இடத்தில் அது எப்படி வரும் என்று எனக்குத் தெரியவில்லை. தேன்மொழிக்கும் அடித்ததா என்று கேட்டேன். "நீங்களே சொல்லிட்டீங்களா மேம், நல்லதாப் போச்சு" என்றாள்.

ஜூரிக்கு வருகிறேன். பகல் சாய்ந்தபோது மற்றக் குழுக்களெல்லாம் முடித்துவிட்டன. துறைத் தலைவர், பெயர் கூப்பிட்டபோது இல்லாதவரை விதிப்படி வராதவராகவே குறிக்க வேண்டும் என்றார். தேர்வாளர் மதிப்பெண் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஜூரி முடிஞ்சுதுன்னு நான் இன்னும் கையெழுத்துப் போடல சார்" என்றார். துறைத் தலைவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

அவள் வந்தாள், தலையெல்லாம் சுண்ணாம்பு. பின்னாலேயே கன்னியப்பன், அதே கோலத்தில். "இந்தப் பொண்ணு எங்களாலதான் லேட்டு சார். மார்க்கு கொறைக்காதீங்க" என்று வாசலிலேயே நின்று சொன்னார்.

"நீங்க உக்காருங்க ஐயா" என்றார் தேர்வாளர்.

பலகையில் இரண்டு ஷீட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, கறுப்பும் வெள்ளையும். தேர்வாளர் வெள்ளைப் பட்டையில் பென்சில் முனையை வைத்தார். "காலைல இது தெரியாத இடம். இப்ப நீ பாத்துட்ட. வரைஞ்சு முடி."

தேன்மொழி பென்சிலை வாங்கினாள். இடிந்த சுவரின் வழியே தான் எடுத்துவந்த அளவுகளைக் கையில் பேனாவால் எழுதிவைத்திருந்தாள். கையைப் பார்த்துப் பார்த்துச் சுவர்களைப் போட்டாள், முனைகளின் அடைப்பைப் போட்டாள், கதவின் இடத்தைக் குறித்தாள். கதவைப் போடும் இடத்தில் கை நின்றது.

"என்ன?"

"கதவத் தெறந்த மாதிரி வரையறதா, மூடின மாதிரி வரையறதான்னு தெரியல சார்."

"பாத்தியே."

"வீடியோல தாப்பா போட்டிருந்துச்சு. இன்னிக்குத் தாப்பா தெறந்திருந்துச்சு. செங்கல் விழுந்த அதிர்வுல தெறந்துக்கிச்சோ என்னமோ. எனக்குத் தெரியாது சார்."

அறையில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். தேர்வாளர் மதிப்பெண் தாளை எடுத்தார். "அப்ப அத விட்டுடு" என்றார். மதிப்பெண் போட்டார். அவள் தேறினாள். என் அனுபவத்தில் ஒரு தேர்வாளர், முடிக்காத படத்துக்கு அவ்வளவு மதிப்பெண் கொடுத்துப் பார்த்ததில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது சின்ன விஷயம். அளவு ஒட்டவில்லை என்று மாணவர் வந்து நிற்கும்போது, எப்படியாவது ஒட்டவை என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். நம் படங்களை நம்பி யாரோ ஒருவர் சுவரில் உளி வைக்கிறார். கறுப்பாக நிரப்புவது என்றால், இங்கே கெட்டியாக இருக்கிறது என்று அவருக்கு நாம் வாக்குக் கொடுக்கிறோம். தெரியாத இடத்தைத் தெரியாத இடமாகக் காட்டுவதற்குத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலுக்கு மதிப்பெண் போடப் பழகுங்கள். அங்கே என்ன இருந்தது என்று என்னிடம் கேட்டால், நானும் புள்ளிதான் வைப்பேன்.

அன்று எல்லாரும் கலைந்தபின் ஹரீஷ் மட்டும் பலகையின் முன் நின்றிருந்தான். போகலாம் வா என்று கூப்பிட்டேன். பையிலிருந்து பிளேடை எடுத்தான். ஸ்கேலை வைத்து, தன் ஷீட்டில் அந்தக் கறுப்புப் பட்டையை மட்டும் மேலிருந்து கீழ்வரை நேராக அறுத்து எடுத்தான். இரண்டு வீடுகளுக்கும் நடுவே பலகை தெரிந்தது. அறுத்த துண்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, வராந்தாவில் உட்கார்ந்திருந்த கன்னியப்பனிடம் போனான்.

"ஐயா, நான்தான் வரைஞ்சேன்" என்றான்.

கன்னியப்பன் அவனை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். "உக்காருப்பா. நாளைக்குத் தறிக்குழிலேந்து கல்லு அள்ளணும். வருவியா?"

"வரேங்க ஐயா."